மன்னாரின் முள் மரமும் உறங்கும் விதையும்



மதவாச்சியில் பஸ்ஸேறி மன்னார்த் தீவுக்குப் போயிருக்கிறீர்களா? கடலை ஊடறுக்கும் தாம்போதியைக் கடந்தால் வீதியோரம் கழுதைகள் திரியும். வெளிகளில் குடை விரித்தாற்போல் உடைமரங்கள் நிற்கும். வெயிலுக்கு நிழல், ஆட்டுக்குத் தீன், அடுப்புக்கு விறகு என மூன்றுக்கும் உதவுவது அந்த முள் மரம்.

எருக்கலம்பிட்டியில் ஒரு சாச்சி வீட்டுக்குச் சென்றிருந்தேன். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வாழ்ந்து, 2009இல் யுத்தம் முடிந்த பின் ஊர் திரும்பியவர். பற்றையாகிக் கிடந்த வளவைத் துப்புரவாக்கியபோது உடைமரங்களும் போய்விட்டன. ஆடு வளர்த்தே பிழைக்கும் அவர், இரண்டு மாரிக்கு விதை போட்டும் ஒன்றும் முளைக்கவில்லையாம்.

"இந்த மண் எங்கள மறந்துட்டுதோ மௌலவி?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

விதை போட்ட இடத்தைக் கிளறினேன். விதைகள் அழுகவில்லை, கல்லுப்போல் அப்படியே கிடந்தன. ஆட்டுப்பட்டியின் ஓரத்திலோ, புழுக்கைக்கு நடுவே இரண்டு கன்றுகள் தலைகாட்டின! விடயம் விளங்கியது.

இவ்விதையின் தோல் நீரை உள்ளே விடாது. வரண்ட நிலத்தில், தப்பிப் பெய்யும் ஒரு மழைக்கு எல்லா விதையும் முளைத்தால் அடுத்த வெயிலில் அத்தனையும் கருகிவிடும் அல்லவா? அதற்கான காவலே அந்தத் தோல். ஆட்டின் வயிற்றில் ஊறி வரும்போது சில விதைகளின் தோல் இளகிவிடுகிறது.

அதே வேலையை உங்கள் குசினியிலும் செய்யலாம். பூச்சி துளைத்த விதைகளை ஒதுக்குங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய பின் விதைகளைப் போடுங்கள். அடுப்பில் வைத்து அவிக்க வேண்டாம், விதை செத்துவிடும். ஆறும்வரை விட்டு, ஒரு நாள் ஊறட்டும். உப்பிய விதைகளை உடனே நடுங்கள். உப்பாதவற்றுக்கு மீண்டும் சுடுநீர் ஊற்றலாம். அல்லது கண் இல்லாத பக்கத்தைக் கல்லில் சற்றே உரசி ஊறவைக்கலாம். மாரி தொடங்கும்போது நட்டு, ஆடு கடிக்காதபடி வேலி போடுங்கள்.

சாச்சியும் அப்படியே செய்தார். மாரி தொடங்கிய சில வாரங்களில் தொலைபேசியில் அழைத்தார்: "மௌலவி, ஏழு முளைச்சிருக்கு!"

வித்தைப் பிளப்பவன் அல்லாஹ். சுடுநீர் வைப்பது நமது பங்கு. மண் அவரை மறக்கவில்லை, சகோதரிகளே. விதைதான் உறங்கிக் கிடந்தது.