மண்ணைத் தொடும் கம்பி

அரபு மொழியில் மின்சாரத்தைக் 'கஹ்ரபா' என்பர். பாரசீகத்திலிருந்து வந்த சொல் அது. 'காஹ்' என்றால் வைக்கோல். 'ருபா' என்றால் கவர்ந்து செல்வது. தஸ்பீஹ் மணிகள் செய்யப் பயன்படும் மஞ்சள் நிறப் பிசின்கல்லைத் துணியில் தேய்த்தால், அது துரும்பைத் தன்பால் இழுக்கும். அதனால் அக்கல்லுக்கு ஏற்பட்ட பெயரே பின்னாளில் மின்சாரத்திற்கும் ஆயிற்று. இச்சொல்லை மாணவர்க்குப் பல்லாண்டுகளாகப் பயிற்றுவித்து வரும் நாம், அதன் முழுப் பொருளையும் நமது எழுத்து மேசையின் மீதுதான் கண்டோம்.

விடுமுறைக்கு வந்த நம் தங்கை மகன், உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தானே ஒரு கணினியை உருவாக்க முற்பட்டார். மேசைமேல் நீல நிற ரப்பர் விரிப்பொன்றை விரித்து, மணிக்கட்டில் ஒரு பட்டையையும் கட்டிக்கொண்டார்.

"இது என்ன தம்பி, கைவிலங்கு?" என்றோம்.

"மாமா, என் உடம்பில் தேங்கும் மின்சாரம் இந்தச் சில்லுகளைக் கொன்றுவிடும். அதை மண்ணுக்கு அனுப்பவே இந்த ஏற்பாடு" என்றார்.

அவர் விளக்கியதன் சாரம் இது: நைலான் ஆடை உரசினாலும், பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்தாலும் நம் உடலில் நிலைமின்சாரம் சேருகிறது. குளிர்சாதன அறையின் வறண்ட காற்றில் அது இன்னும் மிகும். ஏறத்தாழ 3,000 வோல்ட் சேர்ந்தால்தான் சுரீரென்று நமக்கு உறைக்கும். நுண்ணிய சில்லுகளுள் சிலவோ 100 வோல்ட்டுக்கும் குறைவானதிலேயே பழுதாகிவிடும். விரிப்பும் பட்டையும் ஒரே இடத்தில் இணைந்து, எர்த் கம்பி வழியே அம்மின்சாரத்தை மெல்ல மண்ணில் இறக்குகின்றன. வெறும் தகரத்தை விரித்தால் ஆகாதோ என்றால், ஆகாது; அதில் மின்சாரம் ஒரே பாய்ச்சலாய்ப் பாய்ந்து சில்லைக் கெடுக்கும்.

பட்டையின் கம்பிக்குள் 10 லட்சம் ஓம் தடை ஒன்றும் ஒளிந்திருக்கிறது. அது சில்லுக்கன்று, மனிதருக்குக் காவல். தவறி 230 வோல்ட் கம்பியைத் தொட நேர்ந்தாலும், பட்டை வழியே ஓடுவது கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவே. ஆயினும், வேலை முடியும்வரை கணினியின் மின்இணைப்பைப் பிடுங்கியே வைத்திருந்தார் மருமகன்.

இத்தனையும் சரி, அந்தக் கம்பி சென்று சேரும் இடம் எது? சுவரிலுள்ள பிளக்கின் மேல்புறப் பெரிய துளை. அதைச் சோதித்துவிட்டே தொடங்குவேன் என்று அவர் உறுதியாய் நின்றார். ஒயர்மேனை வரவழைத்தோம். அவர் திறந்து பார்த்தபோது, அத்துளையின் பின்னே கம்பியே இல்லை! சமையலறையிலோ நிலைமை இதனினும் மோசம். முன்பு வேலை செய்த எவரோ, எர்த் துளையை நியூட்ரலோடு ஒரு துண்டுக் கம்பியால் பிணைத்திருந்தார். அந்த நியூட்ரல் எங்கேனும் அறுபட்டால், 230 வோல்ட்டும் கிரைண்டரின் உலோக உடலில் வந்து நிற்கும்.

நாம் திகைத்துப் போனோம். சில்லைக் காக்க விரிப்பு உண்டு. அதைத் தொடுபவரைக் காக்கத் தடை உண்டு. ஈரக் கையோடு நாள்தோறும் கிரைண்டரைத் தொடும் நம் வீட்டுப் பெண்களுக்கு அத்தகைய தடை ஏது? அவர்களுக்குள்ள காவல்களில் முதன்மையானது அந்த எர்த் கம்பியே அன்றோ!

மறுநாளே கொல்லையில் குழி தோண்டி, இரண்டரை மீட்டர்க் குழாயை இறக்கி, கரியும் உப்பும் இட்டு, ஒவ்வொரு பிளக்கிற்கும் பச்சைக் கம்பி இழுக்கப்பட்டது. கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர்க் கருவியும் பொருத்தினோம். அதன்பின்னரே மேசையில் கணினி உருப்பெற்றது.

கோடையில் அக்குழி வறளாதிருக்க அவ்வப்போது தண்ணீர் ஊற்றி வருகிறோம். உங்கள் பிள்ளைகள் கணினி கட்டும் ஆவலோடு விரிப்பு வாங்கித் தரக் கேட்டால், மகிழ்ந்து வாங்கிக் கொடுங்கள். அதற்கு முன், நல்ல ஒயர்மேன் ஒருவரை அழைத்து, மூன்றாவது துளை மெய்யாகவே மண்ணைத் தொடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சோதனையைச் சமையலறையிலிருந்து தொடங்குவது நலம்.