தொண்ணூற்றொன்பதில் பிறந்தவன்

காற்பந்தில் எனக்குப் பெரிய ஞானம் கிடையாது. ஆஃப்சைடு என்றால் என்ன என்று, சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலையும் சில்லி சாஸ் போத்தலையும் நகர்த்தி நகர்த்தி மகன் எனக்கு மூன்று முறை விளக்கியிருக்கிறான். நான்காவது முறை கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் ஓர் ஆட்டக்காரரைப் பத்து ஆண்டுகளாக விடாமல் கவனித்து வருகிறேன். இத்தாலியின் கோல் கீப்பர் ஜியான்லூயிஜி டோன்னரும்மா. அவர் பிறந்தது 1999 பிப்ரவரி 25. என் மூத்த மகன் பிறந்தது அதே ஆண்டு ஏப்ரலில். அவனும் பள்ளிக் குழுவில் கோல் கீப்பராக நின்றவன். ஒரு தாய்க்கு இது போதாதா? இனி ‘அவன்’ என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டில் அவன் பேச்சு அப்படித்தான் அடிபடும்.

2015 அக்டோபர் கடைசி. மகன் நான்காம் படிவம். கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டான். “மா, இங்க பாருங்க. என் வயசுப் பையன். மிலான் டீம்ல இறக்கிட்டாங்க!”

ஏசி மிலான் என்றால் ஏழு முறை ஐரோப்பியக் கிண்ணம் வென்ற குழு. அதன் பயிற்சியாளர் சினிசா மிஹாய்லோவிச், டியேகோ லோப்பெஸ் என்ற அனுபவசாலியை வெளியில் உட்கார வைத்துவிட்டு, 16 வயது 8 மாதப் பையனை சான் சிரோ அரங்கத்தில் நிறுத்தியிருந்தார். அன்று எதிரணி சசுவோலோ. மிலான் 2-1 என்று ஜெயித்தது. உள்ளே விழுந்த அந்த ஒரு கோல் பெரார்டி என்பவர் ஃப்ரீ கிக்கில் அடித்தது. இந்தப் பெரார்டியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவார். முதல் நாளே கோல் விட்ட பையனை மிஹாய்லோவிச் அடுத்த ஆட்டத்திலும் நிறுத்தினார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். 2022 டிசம்பரில் புற்றுநோயில் அவர் இறந்தபோது, நேரில் பார்த்திராத ஒருவருக்காக மனசு கனத்தது.

பதினாறு வயதில் முன்வரிசை ஆட்டக்காரராக இறங்குவது வேறு, கோல் கம்பத்தில் நிற்பது வேறு. முன்னால் ஆடுகிறவன் ஐந்து வாய்ப்பைக் கோட்டை விட்டுவிட்டு ஆறாவதை அடித்தால் வீரன். கோல் கீப்பர் ஐந்தைத் தடுத்துவிட்டு ஆறாவதை விட்டால், அந்த ஒன்று மட்டும்தான் கணக்கில் ஏறும். அதனால்தான் இது வயதாகிப் பழுத்தவர்களின் இடம். 1982இல் இத்தாலி உலகக் கிண்ணம் வென்றபோது கோல் காத்த அணித் தலைவர் டினோ சோஃபுக்கு வயது 40. நம் ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகத்தை மட்டுமே கோல் கீப்பராக ஒப்புக்கொண்ட என் அப்பா இருந்திருந்தால், பதினாறு வயது என்றதும் சிரித்திருப்பார்.

அவனுடைய ஊர் காஸ்தெல்லம்மாரே தி ஸ்தாபியா. நேப்பல்ஸ் வளைகுடாவின் ஓரம், வெசுவியஸ் எரிமலைக்கு அந்தப் பக்கம், பழைய கப்பல் கட்டும் துறை உள்ள கடலோர ஊர். எட்டு வயது மூத்த அண்ணன் அந்தோனியோவும் கோல் கீப்பர்தான். அவனும் மிலான் இளையர் அணியில் வளர்ந்தவன். அண்ணன் நின்ற இடத்தில் தானும் நிற்க ஆசைப்பட்ட தம்பி, 2013இல் பதினான்கு வயதில், நாட்டின் வடகோடியில் இருக்கும் மிலானுக்குப் போய்ச் சேர்ந்தான். மிலான் அவனுக்காகக் கொடுத்தது 250 ஆயிரம் யூரோ என்கிறார்கள். சின்ன வயதிலிருந்தே மிலான் ரசிகன் என்பதால், போய்ச் சேர்ந்தது ஆசைப்பட்ட வீட்டுக்கே.

அதன்பின் எல்லாம் வேகம். 2016 செப்டம்பரில் பாரி நகரில் பிரான்சுக்கு எதிரான ஆட்டத்தின் பாதியில், இன்னொரு ஜியான்லூயிஜியான புஃபோனுக்குப் பதிலாகத் தேசிய அணியில் இறங்கினான். வயது 17. அதே டிசம்பரில் டோஹாவில் யுவெண்டஸ் அணியின் டிபாலா அடித்த பெனால்டியைத் தடுத்து மிலானுக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தான். சான் சிரோவில் அவனைக் கொண்டாடாதவர் இல்லை.

2017 ஜூன் வந்தது. அவனுடைய ஒப்பந்தத்தில் ஓர் ஆண்டுதான் பாக்கி. புதுப்பிக்க மாட்டான் என்று மிலான் அறிவித்தது. அவனுடைய முகவர் மினோ ராயோலா, விலை பேசுவதில் பேர்போனவர். அறிவிப்பு வந்த சில நாளில், போலந்தின் கிராக்கோவ் நகரில் 21 வயதுக்குட்பட்டோர் போட்டியில் இத்தாலிக்காக அவன் கோல் கம்பத்தில் நின்றான். பின்னாலிருந்து காகித டாலர் நோட்டுகள் பறந்து வந்து பெனால்டி கட்டத்தில் விழுந்தன. ஒரு பதாகையில் அவன் பெயரை மாற்றி எழுதியிருந்தார்கள், ‘டாலரும்மா’ என்று. ஆட்டம் நின்றது. கிடந்த நோட்டுகளைப் பொறுக்கி எடுத்த பிறகே மறுபடி தொடங்கியது.

அந்தக் காணொளியை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. 196 சென்டிமீட்டர் உயரம் என்பதால் யாருக்கும் அவன் வயது கண்ணில் படுவதில்லை போலும். பள்ளி இறுதித் தேர்வைக்கூட அவன் இன்னும் எழுதியிருக்கவில்லை. அதை எழுதப் போகாமல் இபிசா தீவுக்கு விடுமுறைக்குப் போய்விட்டான் என்பது அடுத்த மாதச் செய்தி. கல்வி அமைச்சரே கருத்துச் சொல்லும் அளவுக்கு அது பெரிதானது. அதில் மட்டும் நான் ஊர்க்காரர்கள் பக்கம். பரீட்சையை எழுதிவிட்டுப் போயிருக்கலாம்.

கடைசியில் ஜூலையில் மிலானிலேயே கையெழுத்திட்டான், 2021 வரை. ஆண்டுக்கு 6 மில்லியன் யூரோ என்று பத்திரிகைகள் எழுதின. கிரேக்க நாட்டுக் குழுவொன்றில் ஆடிக்கொண்டிருந்த அண்ணனும் மிலானுக்கு வந்து சேர்ந்தான். தம்பியைப் பிடித்து வைக்க அண்ணனுக்கும் சம்பளம் என்று ஊர் பேசியது. டிசம்பரில் வெரோனாவுக்கு எதிரான ஆட்டத்தில், சான் சிரோவிலேயே, சொந்த ரசிகர்களே பதாகை பிடித்தார்கள். அவன் போகட்டும், பொறுமை போய்விட்டது என்று. அண்ணனை ஒட்டுண்ணி என்று எழுதியிருந்தார்கள். பையன் அழுதுவிட்டான். அணித் தலைவர் பொனுச்சி தேற்றினார்.

இரண்டே வாரம் கழித்து நடந்ததை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. டிசம்பர் 27, இத்தாலியக் கிண்ணக் காலிறுதி, எதிரே ஊர்ப் பகையாளியான இண்டர் மிலான். தம்பிக்குக் காயம். இரண்டாவது கோல் கீப்பருக்கும் காயம். மிச்சமிருந்தது அந்த ‘ஒட்டுண்ணி’ அண்ணன். மிலான் அணிக்காக அதுவரை ஓர் ஆட்டம்கூட ஆடாத 27 வயது அந்தோனியோ, முதல் ஆட்டமே டெர்பியாக, உள்ளே போனான். ஆட்டத்தின் நடுவே பந்து அவன்மேலேயே பட்டு வலைக்குள் போனது. அவன் முகத்தை நினைத்துப் பாருங்கள். நல்லவேளை, வீடியோ நடுவர் ஆஃப்சைடு என்று கோலை ரத்து செய்தார். (அன்றுதான் எனக்கு ஆஃப்சைடுமேல் மரியாதை வந்தது.) அதன்பிறகு 120 நிமிடமும் ஒன்றையும் உள்ளே விடவில்லை. கூடுதல் நேரத்தில் குட்ரோனே அடித்த கோலில் மிலான் 1-0 என்று ஜெயித்தது. “அண்ணன் சம்பளத்த இன்னைக்கே கழிச்சிட்டாரு மா,” என்றான் மகன்.

இதை எங்கள் வீட்டில் இவ்வளவு ஆழமாகப் பேசியதற்கு வேறு காரணமும் பின்னால் வந்தது. எஸ்பிஎம் முடித்ததும் மகன் ஜொகூர் பாருவில் ஓர் ஏர்கோன் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். தவுக்கே என் வீட்டுக்காரருக்குத் தூரத்துச் சொந்தம். தொழிலை அவர்தான் கற்றுக் கொடுத்தார். கேஸ் நிரப்புவது, கம்ப்ரெசர் மாற்றுவது, பத்தாவது மாடி வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டு வேலை செய்வது, எல்லாம். அதை நாங்கள் மறுத்ததே இல்லை. ஏறக்குறைய மூன்று ஆண்டு கழித்து, 2019இல், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனி அழைத்தது. வெள்ளியில் கணக்குப் பார்த்தால் மூன்று மடங்குச் சம்பளம். மகன் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் போனான். அடுத்த மாதம் ஒரு புதுமனை புகுவிழாவில், பந்தியில் என் காதுபட, “கத்துக்கிட்டதும் பறந்துட்டான். சிங்கப்பூர் காசு கண்ண மறைச்சிருச்சி,” என்றார் தவுக்கே. நாலு பேர் சிரித்தார்கள். எனக்குப் பாயசம் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது மகன் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தான்.

“மா, நானும் டாலரும்மா ஆயிட்டேன்!”

2020 மார்ச்சில் எல்லை மூடியது. அவன் ஈசூனில் வாடகை அறையில், நாங்கள் இங்கே. நீண்ட விடுப்பும் தனிமைப்படுத்தலும் அவன் வேலைக்கு ஒத்துவரவில்லை. பதினாறு மாதம் ஓடி, யூரோ இறுதியாட்டம் வந்தது. 2021 ஜூலை 12, நம் நேரம் அதிகாலை 3 மணி. ஊரடங்கு, மாமாக் கடையில் கூட்டமாக உட்கார்ந்து பார்க்க வழியில்லை. கைப்பேசியைச் சாமி மேசை ஓரமாகச் சாய்த்து வைத்து, வீடியோ அழைப்பில் மகனோடு சேர்ந்து பார்த்தேன். வெம்ப்ளி அரங்கம், இத்தாலியும் இங்கிலாந்தும். 1-1 என்று முடிந்து பெனால்டிக்குப் போனது.

முதல் பெனால்டியை அடிக்க வந்தவர் யார் தெரியுமா? பெரார்டி. இப்போது ஒரே சட்டையில். அடித்தார், கோல். பிறகு பெலோட்டி அடித்ததை இங்கிலாந்து கோல் கீப்பர் தடுத்தார்; ராஷ்ஃபர்ட் கம்பத்தில் அடித்தார்; சாஞ்சோ அடித்ததை நம் பையன் தடுத்தான். ஜோர்ஜின்யோ அடித்தால் கிண்ணம். அதையும் இங்கிலாந்து கோல் கீப்பர் தடுத்துவிட்டார். கடைசியாக வந்தது சாக்கா, வயது 19.

மகன் பார்த்த ஒளிபரப்பு என் டிவியைவிடச் சில விநாடி முந்தி வரும். சாக்கா பந்தை வைத்துக்கொண்டிருக்கும்போதே கைப்பேசியில் மகன் கத்திவிட்டான். ஆகவே எனக்கு முடிவு தெரியும். நான் பந்தைப் பார்க்கவில்லை, டோன்னரும்மா முகத்தைத்தான் பார்த்தேன். இடப்பக்கம் பாய்ந்து தடுத்தான். எழுந்தான். சிரிப்பில்லை, கையை உயர்த்தவில்லை. லாரியிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தவன்போல நடந்து போனான். அடுத்த நிமிடம் மொத்த அணியும் ஓடி வந்து அவன்மேல் விழுந்தது. ஜெயித்தது தனக்குப் புரியவில்லை என்று பிறகு அவனே சொன்னான். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவனுக்குத்தான்; அதை வாங்கிய முதல் கோல் கீப்பர். மறுநாள் ராஷ்ஃபர்ட், சாஞ்சோ, சாக்கா மூவரையும் தோல் நிறத்தைச் சொல்லிச் சமூக ஊடகத்தில் ஏசினார்கள். இங்கேயும் பத்தொன்பது வயதுப் பையன்தான் கிடைத்தான்.

அன்று அவனுக்குக் குழுவே கிடையாது. 251 ஆட்டங்களுக்குப் பிறகு மிலான் ஒப்பந்தம் ஜூன் 30இல் முடிந்திருந்தது. ஜூலை 14இல் பாரிஸ் செயிண்ட் ஜெர்மைன் அவனைச் சேர்த்ததாக அறிவித்தது. மிலானுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பதினான்கு வயதிலிருந்து வளர்த்தவர்கள். தவுக்கேக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அக்டோபரில் இத்தாலிச் சட்டையோடு அவன் சான் சிரோவுக்குத் திரும்பி, ஸ்பெயினை எதிர்த்து நின்றபோது விசிலடித்து அவமானப்படுத்தினார்களே, மூன்று மாதத்துக்கு முன் அதே நாட்டுக்குக் கிண்ணம் கொண்டுவந்தவனை! அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பாரிசில் முதல் ஆண்டு சுகமில்லை. கெய்லர் நவாசுடன் இடத்தைப் பங்கு போட்டான். 2022 மார்ச்சில் மட்ரிட்டில் பென்சிமா நெருக்க, பந்தைத் தவறவிட்டு கோல் வாங்கினான். இரண்டு வாரம் கழித்துப் பலெர்மோவில் வட மாசிடோனியா கடைசி நிமிடக் கோலில் இத்தாலியை உலகக் கிண்ணத்துக்கு வெளியே தள்ளியது. இதையெல்லாம் நீட்டிச் சொல்ல எனக்கு மனமில்லை.

2025 வேறு மாதிரி. லிவர்பூலின் சொந்த அரங்கில் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தான். மே மாத இறுதியில் மியூனிக்கில் பாரிஸ் 5-0 என்று ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. எதிரணி, அதே இண்டர் மிலான். ஆகஸ்டில் அடுத்த கிண்ண ஆட்டத்துக்கு அணிப் பட்டியல் வந்தபோது அவன் பெயரே இல்லை. காலால் பந்தை நன்றாகக் கடத்தும் வேறு கோல் கீப்பர் வேண்டும் என்று பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே முடிவெடுத்துவிட்டார். செப்டம்பர் தொடக்கத்தில் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனான். பாரிஸ் நிர்வாகத்தின்மேல் யாரும் காகித நோட்டு வீசியதாகச் செய்தி வரவில்லை. அதே மாதம், உலகின் சிறந்த கோல் கீப்பருக்கான யாஷின் விருதை இரண்டாவது முறையாக வாங்கினான்.

மகன் இன்னும் அந்தப் பக்கம்தான் வேலை செய்கிறான். சனிக்கிழமை இரவு வந்து ஞாயிறு மாலை பாலத்தில் நெரிசல் ஆரம்பிக்குமுன் கிளம்பிவிடுவான். போன வாரம் அவன் தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன், மிலானில் 99 போட்டிருந்தானே, சிட்டியில் ஏன் 25 என்று.

“பொறந்த தேதி 25 தானே மா,” என்றான் வாய் நிறைய தோசையோடு. “என்னுது மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, போதும்.”