சுஸ்ருதரும் சுரைக்காயும்

டெல்லி அக்ஷர்தாம் போயிருக்கீங்களா? 2005 நவம்பர்ல திறந்தது. அங்கே ஒரு படகுச் சவாரி உண்டு. 12, 15 நிமிஷத்துல 10,000 வருஷ இந்தியாவைச் சுத்திக் காட்டிடுவாங்க. ஆளுயர பொம்மைகள், விளக்கு வெளிச்சம், பின்னணிக் குரல்னு அசத்தலா இருக்கும். தட்சசீலம் வரும், பழங்கால வைத்தியசாலை வரும், அறுவை சிகிச்சை செய்யற சுஸ்ருதரும் வருவார்.

இறங்கினதும் தம்பி கேட்டான்: "அண்ணா, அவர் மூஞ்சி நெஜமாவே இப்படித்தான் இருந்துச்சா?"

முழிச்சேன்.

அவர் முகம் யாருக்கும் தெரியாது. எந்தக் காலத்தவர்ங்கறதுலயே அறிஞர்களுக்குள்ள ஒத்த கருத்து இல்லை. நமக்கு மிஞ்சினது சுஸ்ருத சம்ஹிதைங்கிற நூல்தான். அறுந்த மூக்குக்குக் கன்னத்துத் தோலை எடுத்து ஒட்டற முறை அதுல இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற: படிச்சா மட்டும் போதாதாம், மாணவன் முதல்ல பூசணி, சுரைக்காய், வெள்ளரியை வெட்டிப் பழகணுமாம். தையலைத் துணியிலயும் தோலிலயும் போட்டுப் பழகணுமாம். பேலன்ஸ் ஷீட்டும் அப்படித்தானே? அடுத்தவன் போடறதை எவ்வளவு பார்த்தாலும் டேலி ஆகாது :-)

அப்படிப்பட்டவருக்கு மியூசியம் வெச்சா, வேடிக்கை காட்டறதோட நிறுத்தக்கூடாது. விஆர் கண்ணாடியை மாட்டிவிட்டு, கையில கத்தியைக் குடுத்து, சுரைக்காயை வெட்டச் சொல்லணும். கூடவே, எது நூல்ல இருக்கு, எது கலைஞரோட கற்பனைன்னு பிரிச்சுக் காட்டணும். கண்ணாடிக்குள்ள ரெண்டும் ஒரே மாதிரி நெஜமாத் தெரியும். சின்னப் பசங்க அப்படியே நம்பிடுவாங்க.

தம்பிகிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும்: "முகம் தெரியாதுடா. பாடம் நடத்தின விதம் தெரியும்."

நீங்க என்ன சொல்றீங்க?