பாரதிக்குப் பக்கத்தில் இருந்த இளைஞர்

சென்னையில் ஈழத்தவர் ஒருவர் நாடகம் போடுகிறார் என்றால் அது போரைப் பற்றித்தான் இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். படகு, முகாம், முள்ளிவாய்க்கால். சொல்லவேண்டிய கதைகள்தான், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இப்போது அடையாறில் நண்பர் வீட்டு மொட்டைமாடியில் நாங்கள் ஒத்திகை பார்ப்பது இந்த ஊர்க்காரர் ஒருவரின் கதை. மண்டயம் பார்த்தசாரதி திருமல் ஆச்சார்யா, சுருக்கமாக எம்.பி.டி. ஆச்சார்யா. 1887இல் சென்னையில் பிறந்தவர். மனிதர் சேர்ந்து வாழ அரசு என்ற ஒன்று தேவையே இல்லை என்று கடைசிவரை நம்பியவர்.

“உங்க ஊர்க் கதையே அவ்வளவு இருக்கும்போது இவர் எதுக்குண்ணா?” என்று கேட்டான் எங்கள் குழுவில் நடிக்கும் மயிலாப்பூர்த் தம்பி. கொழும்புத் துறைமுகத்திலிருந்து அவனுக்குச் சொல்லத் தொடங்கினேன்.

1908. பாரதியின் ‘இந்தியா’ வார இதழ் மேல் அரசின் கை விழுந்து, அதன் சட்டப்படியான ஆசிரியர் சீனிவாசன் சிறைக்குப் போகிறார். பாரதி புதுச்சேரிக்குப் போகிறார். இதழை நடத்திய மண்டயம் குடும்பத்து இளைஞரான ஆச்சார்யாவும் போகிறார். பிரெஞ்சு எல்லைக்குள் ஒதுங்கி இருப்பது அவருக்குப் போதவில்லை. கொழும்பு வந்து கப்பலேறி மார்சேய் போய் இறங்குகிறார். அப்போது வயது 21. எங்கள் தீவிலிருந்து ஆட்கள் இந்தக் கரைக்கு ஓடிவந்த கதையைத்தான் நான் கேட்டு வளர்ந்தேன். இந்தக் கரையிலிருந்து ஒருவர் எங்கள் தீவு வழியாக ஓடியிருக்கிறார் என்று படித்த அன்றே அவரை மேடையில் பார்க்க வேண்டும் என்று மனம் பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அவர் போகாத ஊர் இல்லை. லண்டனில் இந்தியப் புரட்சியாளர்கள் கூடிய இந்தியா ஹவுஸில் வ.வே.சு. ஐயரும் சாவர்க்கரும் இருந்த காலத்தில் இவரும் இருந்தார். முதல் உலகப் போரின்போது பெர்லினில் இருந்த இந்தியப் புரட்சியாளர் குழுவில் வேலை செய்தார். 1920 அக்டோபரில் தாஷ்கண்ட் நகரில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அமைக்கப்பட்டபோது அதன் தலைவர் இவர்தான். சில மாதங்களிலேயே, கட்சியை அமைத்தவர்களில் ஒருவரான எம்.என். ராயோடு மோதல் வந்து 1921 தொடக்கத்தில் வெளியேற்றப்பட்டார். 1922 கடைசியில் பெர்லினுக்குத் திரும்பி, அங்கே கூடிய, உற்பத்தியைத் தொழிற்சங்கங்களே நடத்த வேண்டும் என்ற சிண்டிகலிசத் தொழிற்சங்கங்களின் அகிலத்தோடு சேர்ந்துகொண்டார். அன்றிலிருந்து கட்சியும் வேண்டாம், அரசும் வேண்டாம் என்ற அரசின்மைவாதிதான்.

இவ்வளவையும் மேடையில் காட்ட முடியாது, காட்டவும் கூடாது. சென்னை மேடைக்குச் சுதந்திரப் போராட்ட நாடகம் புதிதில்லை. முண்டாசு கட்டிய பாரதி வந்து நின்றாலே அரங்கம் கைதட்டும். ஆனால் வெள்ளைக்காரன் போனதும் கதை முடிந்துவிட்டதாக அந்த நாடகங்கள் திரையை இறக்கிவிடும். ஆச்சார்யாவுக்கு அங்கே கதை முடியவில்லை. 1947க்குப் பிறகும் பம்பாயில் வறுமையில் இருந்தபடி, அதிகாரம் டெல்லிக்குக் கைமாறியதை விடுதலை என்று ஏற்க மறுத்து எழுதிக்கொண்டிருந்தார். வன்முறையிலும் நம்பிக்கை இழந்திருந்தார். எங்கள் நாடகத்தின் ஒரு பாதி இந்த மனிதரைப் பற்றியது.

இன்னொரு பாதி மக்தா நாக்மன். ரஷ்ய ஓவியர். கவிஞர் மரீனா ஸ்வெத்தாயெவாவை 1913இல் நேரில் உட்காரவைத்து வரைந்தவர். மாஸ்கோவில் ஆச்சார்யாவை மணந்து, அவரோடு பெர்லினில் பசியோடு இருந்து, நாஜிகள் வந்தபின் அங்கிருந்து தப்பி, கடைசியில் பம்பாயில் வாழ்ந்தார். 1951 பிப்ரவரியில் தன் ஓவியக் கண்காட்சி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு இறந்துபோனார். எங்கள் நாடகத்தில் மக்தாவுக்கு வசனம் குறைவு. அவர் வேடம் ஏற்கும் பெண் பாண்டி பஜாரில் வாங்கிவந்த பெரிய பிரவுன் ஷீட்டில் கரித்துண்டால் ஆச்சார்யாவின் முகத்தை வரைந்துகொண்டே இருப்பார். ஒவ்வொரு நாடு மாறும்போதும் தாளைச் சுருட்டி, கயிறு கட்டி, தோளில் மாட்டிக்கொண்டு நடப்பார். சுருட்டிச் சுருட்டிக் கரி கலைந்துவிடும். அடுத்த காட்சியில் அதே தாளில் மறுபடியும் கண்ணிலிருந்து தொடங்குவார். வேற்றுமொழி ஊரில் குடும்பம் நடத்தும் எங்கள் பெண்களை ஐரோப்பாவிலும் கனடாவிலும் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

ஒத்திகையில் என்னால் எழுந்து நிற்காமல் பார்க்க முடியாத காட்சி, பாஸ்போர்ட் காட்சி. பெர்லினில் இருந்து ஊர் திரும்ப ஆச்சார்யா பல வருடம் மனுப்போட்டார். 1935இல்தான் பம்பாய் வந்து இறங்க முடிந்தது. அதிகாரியின் குரலை மேடையில் வைக்காமல் பார்வையாளர்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். பெயர், அப்பா பெயர், ஏன் போனாய், ஏன் வருகிறாய். இந்தக் கேள்விகளை நான் எங்கும் தேடி எழுதவில்லை. பொலிஸ் பதிவுக்குப் போய் நிற்கும் ஈழத்தவர் எவருக்கும் அவை மனப்பாடம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் எங்களுக்கு இடமில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, சென்னைத் தமிழ் பேசும் எங்கள் பிள்ளைகள் பலர் சட்டத்தின் கண்ணில் இன்னும் அந்நியர்கள். இந்த ஊர் எனக்குச் சோறும் மொழியும் நண்பர்களும் தந்தது. அந்த நன்றி எப்போதும் உண்டு. ஆனால் மனிதர் தருவதையும் அரசு மறுப்பதையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஆச்சார்யாதான். அவரிடம் வாங்கிக்கொள்ள எங்களுக்கு நிறைய இருக்கிறது.

இந்த ஊரிலேயே அவரை மறக்காதவர்களும் இருந்தார்கள். தமிழ்நாட்டுக் கம்யூனிஸ்ட் இயக்க முன்னோடிகளில் ஒருவரான சி.எஸ். சுப்பிரமணியம் 1995இல் ஆச்சார்யாவைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி வெளியிட்டார். கட்சி வெளியேற்றிய மனிதரை, அந்தக் கட்சிக்கே வாழ்க்கையைக் கொடுத்த இன்னொருவர் தேடி எழுதியிருக்கிறார். அந்தப் பெருந்தன்மையை நான் வணங்குகிறேன். எங்கள் பிரதிக்கு அடித்தளம் அந்த நூல்.

பிரதி தயார், நடிகர்களும் தயார். அரங்குதான் கிடைக்கவில்லை. தென்சென்னையில் ஓர் அரங்கில் “அரசியல் நாடகமா? போலீஸ் பர்மிஷன் லெட்டர் கொண்டு வாங்க சார்” என்றார்கள். இன்னொரு இடத்தில் பிரதியை முழுதாகக் கேட்டார்கள். விண்ணப்பத்தில் என் பெயர் இருக்க வேண்டாம் என்று நண்பர்களே சொல்லி, அவர்களே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகத்தை அடக்க 1954இல், ஆச்சார்யா இறந்த அதே ஆண்டில், இந்த மாநிலம் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பரீக்‌ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஞாநி 2018இல் மறைந்துவிட்டார். அவர் வாங்கிக்கொடுத்த உரிமை இருக்கிறது. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் அரங்கம் வைத்திருப்பவர்களே, நீதிமன்றம் செல்லாது என்று சொன்ன கட்டுப்பாட்டை நீங்கள் விதிக்காதீர்கள். மார்கழி இசை சீசன் இல்லாத மாதத்தில் ஒரு மாலை தந்தால் போதும், நாங்கள் வருகிறோம்.