முக்கால் பைந்து எண்ணெய்

எங்கள் வீட்டில் வாப்பாவின் வாப்பாவை "அப்பா" என்றுதான் அழைப்போம். அப்பாவின் மோட்டார் சைக்கிளை அவரைத் தவிர வேறு எவரும் தொட்டதில்லை. துடைப்பதும் அவர்தான், எண்ணெய் மாற்றுவதும் அவர்தான். சின்ன வயதில் நானா ஒரு நாள் அதில் ஏறி உட்கார்ந்ததற்காக, அப்பா இரண்டு நாள் அவரோடு பேசவில்லையாம்.

அப்படிப்பட்ட மோட்டார் சைக்கிளின் பக்கத்தில், கடந்த விடுமுறையில் ஒரு காலை நேரம், பழைய பன் பாயை விரித்து நான் படுத்துக் கிடந்தேன். தலைமாட்டில் கதிரை போட்டு அப்பா இருந்தார். அவருடைய வலது கை மடியில் அசையாமல் கிடந்தது.

அது பி.எஸ்.ஏ. பாண்டம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து நிறுவனம் 1948இல் வெளியிட்ட வகை. 123 கன சென்ரிமீற்றர் இயந்திரம், மூன்றே மூன்று கியர். அதன் இயந்திர அமைப்பு இங்கிலாந்துக்குச் சொந்தமானதல்ல. ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. நிறுவனம் செய்த ஆர்.டி. 125 என்ற வண்டியின் வரைபடங்கள், இரண்டாம் உலக யுத்தத்தின் பின் நட்டஈடாக வென்றவர்களின் கைக்குப் போயின. அதிலிருந்து பிரித்தானியரும் ரஷ்யரும் அமெரிக்கரும் ஆளுக்கொரு வண்டி செய்தார்கள். ஜப்பானில் யமஹா 1955இல் செய்த முதல் மோட்டார் சைக்கிளும் அதைப் பார்த்துச் செய்ததுதான்.

இந்தக் கதையெல்லாம் அப்பாவுக்கு முக்கியமில்லை. அவர் அதைப் பழையதாக வாங்கி, இரத்தோட்டை, எல்கடுவைப் பக்கம் ஏறி, தோட்டம் தோட்டமாக மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி, சாக்கில் கட்டி மாத்தளைக் கடைகளுக்குக் கொண்டு வந்தார். வாப்பா படித்ததும் மாமியின் கலியாணம் நடந்ததும் அந்தச் சாக்கினால்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன், சுபஹுக்கு எழும்பும் நேரத்தில் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. அல்ஹம்துலில்லாஹ், பேச்சு திரும்பியது. நடையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. வலது கை திரும்பவில்லை. வண்டி வீணாகப் போகக் கூடாதென்று வாப்பா அதை ஒரு கராஜில் கொடுத்து எண்ணெய் மாற்றி எடுத்தார். அங்கே லொறிக்கு ஊற்றும் தடித்த கியர் எண்ணெயை ஊற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து கிளச்சைப் பிடித்தாலும் வண்டி முன்னே இழுத்தது. கியர் போடும்போது கரகரவென்று அரைத்தது. பிறகு அது கொட்டிலில் நின்றே விட்டது.

மருந்துச் செலவு ஏற ஏற, அப்பாவே ஒரு நாள் அதை விற்கச் சொன்னார். வாங்க ஒருவர் குருநாகலில் இருந்து சனிக்கிழமை வருவதாக முடிவானது. அன்றிரவு அப்பா சாப்பிடும்போது சொன்னார்: "இப்பிடியே குடுக்க ஏலா. எண்ணெய மாத்தோணும், செயினுக்குக் கொழுப்புப் போடோணும்."

நானா கட்டாரில். வாப்பா விடிந்தால் கடையில். தம்பிக்குப் பதினொரு வயது. அப்பா என்னைப் பார்த்தார்.

உம்மாவுக்கு விருப்பமில்லை. "பொம்புளப் புள்ள. சோதினையும் வருது. கையெல்லாம் கிரீஸோட ஆராவது கண்டா என்ன செல்லுவாங்க?" என்றார். "கைய சவர்க்காரம் போட்டுக் கழுவினாப் போகும்" என்று வாப்பும்மா ஒரே வரியில் முடித்து வைத்தார்.

இரண்டடிப்பு இயந்திரமான பாண்டத்தில், இயந்திரத்துக்கு வேண்டிய எண்ணெய் பெற்றோலுடனேயே கலக்கப்படும். கியர் பெட்டிக்குத் தனி எண்ணெய். கிளச்சும் அதே எண்ணெயில்தான் மூழ்கி ஓடும். பாண்டத்தின் கிளச் தட்டுகளில் தக்கைத் துண்டுகள் பதித்திருக்கும். எண்ணெய் அளவுக்கு மீறித் தடித்தால் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாது. கராஜில் வந்த வினை அதுதான். உயர்தரப் பௌதிகவியலில் பாகுநிலை பற்றி எத்தனையோ கணக்குச் செய்திருக்கிறேன். பாகுநிலை கூடினால் ஒரு வண்டி முன்னே இழுக்கும் என்று எந்தக் கணக்கும் எனக்குச் சொல்லவில்லை.

பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கினோம். முதலில் இயந்திரத்தை ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும். எண்ணெய் சூடானால்தான் இளகி, அழுக்கையும் சேர்த்துக்கொண்டு முழுதாக வடியும். தம்பியும் நானும் மாறி மாறி உதைத்தோம். நீல நிறப் புகையோடு அது உயிர் பெற்றபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார்.

பிறகு மேல் மூடியைத் திறந்து, அடியில் உள்ள வடிகால் ஆணியைக் கழற்றினேன். கறுப்பு எண்ணெய் வருமென்று நினைத்தேன். பால் கலந்தது போலச் சாம்பல் நிறத்தில் வந்தது. "தண்ணி போயிருக்கு. ரெண்டு மாரி நின்டதல்லவா" என்றார் அப்பா. அதில் ஒரு துளியை எடுத்து இரு விரலால் தேய்க்கச் சொன்னார். "மா மாதிரி ஈக்கா, மணல் மாதிரி ஈக்கா?"

"மா மாதிரி, அப்பா."

"அப்ப பயமில்ல. மணலா ஈந்தா பல்லு ஒடஞ்சிருக்கு."

மலிவான எண்ணெய் கொஞ்சம் ஊற்றி, வண்டியை ஆட்டிக் கழுவி, அதையும் வடித்தோம். இனி ஆணியை இறுக்கி, புது எண்ணெய் ஊற்ற வேண்டியதுதான். அந்த இடத்தில்தான் நான் பிழை விட்டேன்.

ஆணி இரும்பு, அது ஏறும் பெட்டி அலுமினியக் கலப்பு. இடையில் ஒரு நார் வொஷர். "வொஷர் நசியிறது கையில தெரியும். அதோட நிப்பாட்டு" என்றார் அப்பா. நான் இறுக்கினேன். நசிந்ததா இல்லையா என்று என் கைக்குத் தெரியவில்லை. ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் நின்றது. அது பழைய ஈரம் என்று எண்ணாமல், ஒழுகுகிறது என்று பயந்து, வாப்பாவின் நீளமான ஸ்பேனரை எடுத்து இன்னும் கால் சுற்று சுற்றினேன். இறுக்கம் கூட வேண்டிய இடத்தில் திடீரென்று இலகுவானது.

நீளம் கூடினால் விசையின் திருப்பமும் கூடும். அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி எடுத்தவள் நான்.

அப்பா என் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டார். "எவ்வளவு சுத்தின?"

"கால் சுத்து."

நான் அழத் தொடங்கிவிட்டேன். அப்பா ஏசவில்லை. ஆணியைக் கழற்றச் சொல்லி, இடது கை விரலால் புரியைத் தடவிப் பார்த்தார். "முழுசாப் போகல்ல. இன்னும் புடிக்கும்" என்றார். புது வொஷர் போட்டு, ஆணியைக் கையாலேயே ஏற்றி, சின்ன ஸ்பேனரை வைக்கச் சொன்னார். பிறகு கதிரையை விட்டு மெல்லத் தரையில் இறங்கி அமர்ந்து, தன் இடது கையை என் கைமேல் வைத்தார். இருவருமாக இழுத்தோம். எதுவோ மெதுவாக அமுங்கி நின்றது. அப்பா கையை எடுத்தார்.

"இதுதான்."

சிறிது நேரம் கழித்து, "நான் ஆருக்கும் காட்டிக் குடுக்கல்ல மகள். என்ட கை எப்பவும் ஈக்கும் எண்டு நெனச்சன். அது என்ட பிழ" என்றார். அதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. புனலைப் பிடித்துக்கொண்டு, அப்பா எப்போதும் ஊற்றும் 40ஆம் இலக்க எண்ணெயை ஊற்றினேன். பாண்டத்தின் கியர் பெட்டிக்கு முக்கால் பைந்து. சுமார் 425 மில்லிலீற்றர். உம்மாவின் மருந்து அளக்கும் கிண்ணம் அன்றோடு எங்களுக்குச் சொந்தமானது.

மறுநாள் செயின். அதைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் தூரிகையால் தேய்த்து, கொடியில் காயப்போட்டேன். அப்பாவின் முறையில் மாட்டுக் கொழுப்பை உருக்கி, அதில் காரீயத் தூள் கலந்து, செயினை அதனுள் போட வேண்டும். காரீயம் நம் நாட்டின் போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைப்பது; பென்சிலில் இருப்பதும் அதுதான். அதன் காபன் படைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால் உராய்வைக் குறைக்கும்.

கொழுப்பை நேரடியாக நெருப்பில் வைத்தால் பற்றிக்கொள்ளும். கொதிநீருக்குள் டின்னை வைத்துத்தான் உருக்க வேண்டும். நான் தடுமாறுவதைக் கண்ட உம்மா, "தள்ளு" என்று சொல்லி, வட்டிலப்பத்துக்குக் கருப்பட்டி உருக்கும் பக்குவத்தில் தானே உருக்கித் தந்தார். செயினைப் போட்டதும் சின்னச் சின்னக் குமிழிகள் மேலே வந்தன. உள்ளே இருந்த காற்று வெளியேறி, கொழுப்பு அந்த இடத்துக்குப் போகிறது. குமிழி நின்றதும் எடுத்துத் தொங்கவிட்டு, வெளியே ஒட்டியதைத் துடைத்துவிட வேண்டும். வெளியே இருப்பது தூசியைத்தான் பிடிக்கும். வேலை செய்வது உள்ளே போனதுதான். (இன்றைய வண்டிகள் பலவற்றின் செயினில் றப்பர் வளையங்கள் உண்டு. அவற்றுக்கு இந்த முறை கூடாது.) திரும்பப் பூட்டியபோது, பூட்டுக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கி இருக்கிறதா என்று அப்பா இரண்டு தடவை கேட்டார்.

வாப்பா மாலையில் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தார். கியர் சத்தமில்லாமல் விழுந்தது. ஆனால் ஆணியின் கீழ் நான் வைத்த பத்திரிகைத் தாளில், விடிந்தபோது ஒரு சொட்டு இருந்தது. ஒரே ஒரு சொட்டு.

சனிக்கிழமை குருநாகல் மாத்தயா வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், ஓட்டினார், சிரித்த முகத்தோடு இறங்கினார். பேசிய விலைக்கே எடுப்பதாகச் சொன்னார். வாப்பா என்னைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார்.

"மகள், செல்லுங்க."

"அப்பா, ஒரு சொட்டுத்தானே..."

"கொற ஈந்தா செல்லித்தான் விக்கோணும். மிளகு ஈரம் எண்டா ஈரம் எண்டு செல்லித்தான் நான் இவ்வளவு காலம் வித்த."

புரிக்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில், விரலால் சுற்றிக் காட்டி, வடிகால் ஆணியை நான் கூட இறுக்கிவிட்டேன், புரி தேய்ந்துவிட்டது, இரவில் ஒரு சொட்டு ஒழுகும் என்று சொன்னேன். முகம் எரிந்தது. அவர் குனிந்து பார்த்தார். பதினைந்தாயிரம் ரூபா குறைக்கச் சொன்னார். அப்பா உடனே தலையசைத்தார். உள்ளே உம்மா பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பதினைந்தாயிரம் எங்கள் வீட்டில் சின்னப் பணமல்ல.

போகும் முன் அந்த மாத்தயா, கம்பிச் சுருள் ஒன்றைப் பதித்துப் புதுப் புரி வெட்டலாம், அது பழையதை விடவும் உறுதியாக இருக்கும் என்று எனக்கு விளக்கினார். கியர் பெட்டிக்கு என்ன எண்ணெய், எவ்வளவு என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. என் பக்கம் கையைக் காட்டினார்.

"நாப்பது. முக்கால் பைந்து" என்றேன்.

அன்றிரவு நான் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பதினைந்தாயிரம் என்னால்தானே குறைந்தது என்றேன். "கொறையல்ல. அதுதான் அதுட வெல" என்று சொல்லிவிட்டு, அப்பா தேநீரை இடது கையால் எடுத்துக் குடித்தார்.

கொட்டிலில் இப்போது தம்பியின் சைக்கிள் நிற்கிறது. போன வாரம் அதன் செயினைக் கழற்றித் தம்பிக்குக் காட்டிக் கொடுத்தேன். நட்டை அவன் இறுக்கும்போது, அவன் கைமேல் என் கையை வைத்தேன்.