அம்மா, அப்பா, நடுவில் ஒரு கம்ப்ரெஸ்ஸர்

எங்காத்தில் ரொம்ப நாளாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஹாலில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்குத் திருச்சி வானொலியின் செய்தி ஒரு எழுத்து விடாமல் கேட்கும். சமையலறையிலிருந்து அம்மா கூப்பிட்டால் கேட்காது.

"ஏன்னா, ரேடியோக்காரன் பேசறது மட்டும் கேக்கறதோ?" என்பாள் அம்மா. சரியென்று கிட்டே வந்து குரலை உயர்த்திச் சொன்னால், "ஏன் இப்படிக் கத்தறே? காது வலிக்கறது" என்பார் அப்பா. வேண்டுமென்றே செய்கிறார் என்பது அம்மா கட்சி. நானும் ஒரு பத்து வருஷமாக அம்மா கட்சியில்தான் இருந்தேன்.

இந்த வழக்குக்குத் தீர்ப்பு ஒரு கம்ப்ரெஸ்ஸரிடமிருந்து வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. (ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்குமே, அது இல்லை. எம்.பி.3 ஃபைலைச் சுருக்குகிறோமே, அதுவும் இல்லை. பேர்தான் ஒன்று, இது வேற சமாச்சாரம்.)

அம்மா திருப்பாவை முப்பதும் பாடுவாள், அரியக்குடி மெட்டில். எழுபது தாண்டியாயிற்று, இப்போதே பதிவு செய்து வைக்கலாம் என்று ஒரு யு.எஸ்.பி. மைக் வாங்கினேன். மார்கழியிலேயே செய்திருக்கலாம்தான். ஆனால் மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் விடிகாலை நாலு மணிக்கே தெருவுக்கு ஒரு ஒலிபெருக்கி! அதனால் பங்குனியில், ஊரே தூங்கும் மத்தியானம் ரெண்டு மணிக்கு, படுக்கையறையில் பீரோவைத் திறந்து வைத்து (தொங்கும் புடவைகள் எதிரொலியைக் குடித்துவிடும், காசில்லாத ஸ்டூடியோ), ஃபேனை அணைத்துவிட்டு ஆரம்பித்தோம். திருச்சி வெயில் தெரிந்தவர்களுக்கு அந்தக் கடைசி வாக்கியத்தின் கொடுமை புரியும். அஞ்சாவது பாசுரத்தில் அம்மா, "போறும்டா, ஃபேனைப் போடு" என்று எழுந்துவிட்டாள்.

போட்டுக் கேட்டால், மேல் ஸ்தாயியில் காதைக் கிழிக்கிறது, கீழே போகும்போது வார்த்தையே காணோம். வால்யூமை ஏற்றினால் மேலே கிழிகிறது, இறக்கினால் கீழே காணாமல் போகிறது. நேரில் பாடும்போது இது குறையாகவே தெரிந்ததில்லை.

அப்போதுதான் கம்ப்ரெஸ்ஸரைக் கையில் எடுத்தேன். ஆடாசிட்டியில் இலவசமாகவே இருக்கிறது. ஆனால் த்ரெஷோல்ட், ரேஷியோ, அட்டாக், ரிலீஸ், மேக்கப் கெய்ன் என்று வரிசையாகக் குமிழ்களைப் பார்த்ததும் 'ஙே' என்று முழித்தேன். எங்க ஊர்க்காரர் சுஜாதா இருந்திருந்தால் ரெண்டே வரியில் சொல்லியிருப்பார். நமக்குத் தெரிந்த பாஷை கல்யாணக் கச்சேரிதான்.

மைக்செட்காரர் ஒருத்தர் குமிழில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பாடகர் ஒரு அளவுக்கு மேல் உரக்கப் பாடினால்தான் அவர் கை அசையும். அந்த அளவுதான் த்ரெஷோல்ட். மீறினால் எவ்வளவு இறக்குகிறார் என்பது ரேஷியோ. எவ்வளவு சீக்கிரம் கை குமிழைத் திருப்புகிறது என்பது அட்டாக். உரத்த இடம் முடிந்ததும் எவ்வளவு நிதானமாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறார் என்பது ரிலீஸ். எல்லாம் அடங்கியபின் மொத்தத்தையும் ஒரே அளவாக ஏற்றிவிடுவது மேக்கப் கெய்ன்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவு. டிஜிட்டலில் 0 டெசிபெல்தான் கூரை, எல்லாம் அதற்குக் கீழே மைனஸில். அம்மாவின் உரத்த இடம் -5, மெல்லிய இடம் -26, வித்தியாசம் 21. த்ரெஷோல்டை -20-லும் ரேஷியோவை 3:1 என்றும் வைத்தேன். -5 என்பது எல்லையை 15 டெசிபெல் மீறுகிறது. மூன்றுக்கு ஒன்று என்பதால் 5 மட்டும் வெளியே வரும், ஆக -15. மெல்லிய இடம் எல்லைக்குக் கீழேயே இருப்பதால் தொடாமல் -26-லேயே நிற்கும். வித்தியாசம் இப்போது 11. கூரைக்குக் கீழே இடம் கிடைத்துவிட்டதால் மொத்தத்தையும் 8 ஏற்றினால் -7, -18. இத்தனை நாளாகக் கம்ப்ரெஸ்ஸர் சத்தத்தைக் கூட்டுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பண்ணுவது குறைப்பது மட்டும்தான். ஏற்றுவது அதற்கப்புறம் நாம்.

அந்த 8 டெசிபெல் ஏறும்போது அடுத்தாத்துக் குக்கர் விசிலும் காக்காயும் கூடவே 8 ஏறும். ஃபேனை அணைத்தது வீண்போகவில்லை. பதிவிலேயே கூரையில் இடித்து உடைந்த குரலை எந்தக் கம்ப்ரெஸ்ஸரும் ஒட்டாது, அதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

தெரிந்துகொண்ட உற்சாகத்தில் ரேஷியோவை 8:1 ஆக்கினேன், அட்டாக்கை ஒரு மில்லிசெகண்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டாள்.

"தம்புரா ஏண்டா மூச்சு விடறது?"

நிஜம்தான். எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியையும் அதே மைக்கில் பதிவு செய்திருந்தேன். அம்மா உரக்கப் பாடும்போது மைக்செட்காரர் குமிழை இறக்குகிறார், தம்புராவும் சேர்ந்து இறங்குகிறது. பாட்டு நின்றதும் 'ஹூம்' என்று எழும்புகிறது. நம்ம சங்கீதத்துக்கு இது பெரிய வில்லங்கம். சுருதியை ஹெட்ஃபோனில் கொடுத்து, குரலை மட்டும் மைக்கில் எடுத்து, தம்புராவைப் பிறகு தனி டிராக்காகச் சேர்த்திருக்க வேண்டும். அஞ்சு பாசுரமும் மறுபடி. மறுபடி ஃபேன் நிறுத்தம். அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை விட்டுவிடுவோம்.

ரெண்டாவது தடவை அட்டாக்கை 20 மில்லிசெகண்ட் வைத்தேன். ஒரு மில்லிசெகண்டில் க, ட, த, ப எல்லாம் தலையில் குட்டு வாங்கி மழுங்கியிருந்தன, இப்போது உயிர் வந்தது. ரிலீஸ் 150. எனக்கே கேட்கப் பிரமாதமாக இருந்தது. அம்மா முகம் மட்டும் மாறவில்லை.

"நான் மூச்சு வாங்கறது ஊருக்கே கேக்கறதேடா."

பதில் சொல்லத் தெரியவில்லை. உரத்த வரி முடிந்து மூச்சை இழுக்கும் இடத்தில் மைக்செட்காரர் கையை எடுத்துவிடுகிறார், அது கிட்டத்தட்டப் பாட்டுக்குச் சமமாக ஏறிவிடுகிறது. அம்மாவுக்காக 2:1-ஐத் தாண்டாமல், ரொம்ப உரத்த இடங்களில் 3 டெசிபெல் மட்டும் இறங்குகிற மாதிரி ஒரு பிரதி செய்தேன். மூச்சு இழுக்கும் இடங்களைக் கையால் குறைத்தேன். "இது என் குரல்" என்றாள்.

அப்பா காதுக்கு வருவோம். இரைச்சலான பட்டறையில் 35 வருஷம் வேலை பார்த்தவர். உட்காதில் மயிரிழை மாதிரி செல்கள் இருக்கின்றன. மெல்லிய சத்தத்தை அதிகமாகவும் பெரிய சத்தத்தைக் குறைவாகவும் பெருக்குவது அவற்றில் ஒரு வகையின் வேலை. அதாவது பிறக்கும்போதே எல்லோருக்கும் ஒரு கம்ப்ரெஸ்ஸர் உள்ளே இருக்கிறது. அது பழுதானால் மெல்லியது கேட்காது, உரத்தது மட்டும் பழையபடி உரக்கவே, சமயத்தில் வலிக்கிற மாதிரி கேட்கும். 'கேக்கலை', 'கத்தாதே' ரெண்டும் ஒரே வாயிலிருந்து வருவதற்குக் காரணம் இதுதான். டிஜிட்டல் காது மெஷின் ஒவ்வொன்றிலும் கம்ப்ரெஸ்ஸர் இருக்கிறது. அப்பாவுடையது டப்பாவில் தூங்குகிறது.

ரேடியோ ஏன் கேட்கிறது? வானொலி நிலையங்கள் எப்போதுமே குரலைக் கம்ப்ரெஸ் செய்துதான் அனுப்பும். ஏ.எம். ஒலிபரப்பில் எல்லை மீறினால் குரல் உடைந்துவிடும், மெல்லியதாகப் போனால் கரகரப்பில் முங்கிவிடும். 1939-ல் ஆரம்பித்த திருச்சி வானொலியை அப்பா சின்ன வயசிலிருந்து கேட்கிறார். ஒரே உயரத்தில் நிற்கிற அந்தக் குரல் அவருக்குத் தோதாக ஒரு குமிழ்த் திருப்பலில் அமைந்துவிடுகிறது. சமையலறையிலிருந்து வருகிற அம்மா குரலுக்குக் குமிழ் ஏது?

அம்மா பிடிக்கவில்லை என்ற அந்த முதல் பிரதியை அழிக்காமல் வைத்திருந்தேன். ஹெட்ஃபோனை அப்பா காதில் மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். உரத்த இடத்தில் முகம் சுளிக்கவில்லை, மெல்லிய இடத்தில் "என்ன?" என்று என்னைப் பார்க்கவில்லை. நாலாவது பாசுரத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றி அம்மா பக்கம் திரும்பினார்.

"உனக்கு இப்படி மூச்சு வாங்கறதா? சொல்லவே இல்லையே?"

"ரெண்டு வருஷமா சொல்லிண்டிருக்கேன்" என்றாள் அம்மா.

போன செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரும் தில்லை நகருக்கு டாக்டர்களைப் பார்க்கப் போனார்கள், ஒருத்தருக்கு மூச்சு, ஒருத்தருக்குக் காது. திரும்பி வரும்போது அப்பா மெஷினை மாட்டிக்கொண்டிருந்தார். நம்பர் ஒன் பஸ்ஸில் ஹார்ன் சத்தம் தாங்கவில்லையாம். இன்னும் இருபத்தைந்து பாசுரம் பாக்கி. கொஞ்சம் வெயில் தணியட்டும் என்கிறாள் அம்மா.