பையில் பாதி உனக்கு

ஜெயமங்கலம்,
ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புத் தோழிக்கு,

நானும் பாப்பாவும் நலம். வழியில் அவள் அழுததைவிடத் தூங்கியதுதான் அதிகம். உனக்குப் பேறுகாலம் முடிந்ததும் பிள்ளையோடு ஊருக்கு வர வேண்டியிருக்கும், என்னென்ன எடுத்துவைக்க என்று கேட்டு, கடையில் கொடுத்த பட்டியலையும் அனுப்பியிருந்தாய். இரண்டு முறை படித்தேன். தள்ளுவண்டி இருக்கிறது, பால் புட்டியைக் கொதிக்கவைக்கும் மின்சாரச் சட்டி இருக்கிறது, விதவிதமான தலையணை இருக்கிறது. பிள்ளையைப் பெற்றவளுக்கென்று அதில் ஒரு பொருள்கூட இல்லை. பச்சை உடம்போடு பயணம் போகிறவள் நீயும்தானே? அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளமாகிறது.

மதுரையில் அம்மா வீட்டில் முதல் மாதத்தைக் கழித்தேன். பாப்பா நிறைமாதத்தில் பிறந்தவள், எடையும் ஏறிவருகிறது, போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகே கிளம்பினோம். இங்கே என் கணவருடைய அப்பத்தா படுக்கையை விட்டு அதிகம் எழுவதில்லை. கொள்ளுப்பேத்தியை அவரிடம் கொண்டுவருவதுதான் முறை.

ஆண்டிபட்டி வரைக்கும் ரயில். கார் வைத்துக்கொள்ளலாம் என்று வீட்டில் சொன்னார்கள். நான்தான் போடி ரயிலைக் கேட்டேன். பேருந்து போல் குலுக்கல் இல்லை. தையல் வலித்தால் எழுந்து நிற்கலாம். பிள்ளை பசித்து அழுதால் அந்த நிமிடமே பால் கொடுக்கலாம், வண்டியை ஓரங்கட்டச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பாதை அகலப் பாதையாக மாறுவதற்காக 2010 கடைசியில் மூடப்பட்டு, தேனி வரை 2022 மே மாதத்திலும் போடி வரை 2023 ஜூனிலும்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட அத்தனை வருடமும் இந்தப் பள்ளத்தாக்கின் பச்சைக் குழந்தைகள் பேருந்திலும் வாடகைக் காரிலும்தான் ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டின. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இப்போது போடி வரை இரவு வண்டியும் இருக்கிறது. அதில் வந்தால் கீழ்ப் படுக்கை கேட்டு வாங்கு. பிள்ளையைச் சுவர்ப் பக்கம் படுக்கவைத்து நீ வெளிப்பக்கம் படு. 2022-ல் லக்னோ மெயிலில் கீழ்ப் படுக்கையோடு சேர்த்துக் குழந்தைக்கென்று ஒரு சின்னப் படுக்கையை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். நம் பக்கத்து வண்டிகளில் நான் அதைப் பார்த்ததில்லை. வந்தால் எத்தனை தாய்மார் முதுகு நிமிரும்!

பேருந்தில்தான் வர முடியும் என்றால் சக்கரத்துக்கு மேலிருக்கும் சீட்டையும் கடைசி வரிசையையும் விட்டுவிட்டு நடுவில் உட்கார். பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் 2015-லிருந்து இருக்கின்றன. ஒதுக்குப்புறத்தில் இருந்தாலும் கேட்டுப் போய்ப் பயன்படுத்து. நாம் கேட்கக் கேட்கத்தான் அவை பூட்டாமல் இருக்கும்.

உசிலம்பட்டியில் வண்டி நின்றபோது பாப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இந்த மண்ணில் பெண் குழந்தைகளுக்கு நேர்ந்தது நாம் பள்ளிக்கூடம் போகும்போதே செய்தித்தாளில் படித்ததுதான். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கி, 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் வந்தது. கொல்லாதே, இந்தத் தொட்டிலில் விட்டுவிட்டுப் போ என்று அரசாங்கமே தொட்டில் வைத்த காலம் அது. என் மடியில் ஒரு பெண் குழந்தை, எதிர் சீட்டில் இரண்டு பாட்டிமார். இறங்கும்வரை அவர்கள் அவள் கையை விடவில்லை. "மகாலட்சுமி மாதிரி இருக்கா தாயி" என்று ஒருவர் பத்து ரூபாயை அவள் கைக்குள் வைத்து மூடினார். அந்த நோட்டைச் செலவழிக்க மனமில்லை.

ஆண்டிபட்டியிலிருந்து வைகை அணை வழியாகக் கார். இங்கேதான் நீ பணம் செலவழிக்க வேண்டிய ஒரே பெரிய பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும்: பச்சைக் குழந்தைக்கான கார் சீட். வண்டியின் பின் சீட்டில், பிள்ளையின் முகம் பின்பக்கம் பார்க்கும்படி, சீட் பெல்ட்டால் இறுக்கிக் கட்டுவது. மடியில்தான் பத்திரம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது, பிள்ளை முன்னால் பறந்துவிடும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமும் 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை சீட் பெல்ட்டோ பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1000 ரூபாய் அபராதம் என்கிறது. புதிதாக வாங்க முடியாவிட்டால் அக்கா, தங்கை, தெரிந்தவர்கள் யாரிடமாவது இரவல் வாங்கு. விபத்தில் அடிபட்ட சீட்டாக மட்டும் இருக்கக் கூடாது. பால் கொடுக்க வேண்டுமென்றால் வண்டியை நிறுத்திவிட்டுக் கொடு. ஊர் வந்து சேர்ந்ததும் பிள்ளையை அதிலிருந்து எடுத்துவிடு. அதிலேயே நேரம் போவது தெரியாமல் தூங்கவிட்டால் தலை முன்னால் சரிந்து மூச்சுக்கு இடைஞ்சலாகும்.

இருசக்கர வண்டி மட்டும் வேண்டாம். "ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று சொல்வார்கள். குழந்தைகளுக்கான ஹெல்மெட் விதியே ஒன்பது மாதத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ள தலையைக் காக்க எதுவும் கிடையாது.

அணை தாண்டியதும் தென்னையும் வாழையும் நெல்வயலும்தான். வராக நதி சோத்துப்பாறை அணையிலிருந்து இறங்கி, பெரியகுளம், வடுகபட்டி, மேல்மங்கலம், ஜெயமங்கலம் என்று ஊர் ஊராக நனைத்துக்கொண்டு வந்து வைகையில் சேர்கிறது. காற்று பலமாக அடிக்கிறது. இந்த மாதங்களில் கேரளப் பக்கத்து மழைக்காற்று மலை இடைவெளிகள் வழியாகப் பள்ளத்தாக்குக்குள் புகுந்துவிடும், ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகள் நிற்காமல் சுற்றும். காற்று பட்டுவிடும் என்று வந்தவரெல்லாம் பாப்பாவுக்குக் குல்லாவும் கம்பளியும் மாட்டப் பார்த்தார்கள். குல்லா ரயிலுக்கும் காருக்கும் சரி. வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிட்டேன். குளிரா சூடா என்று கையையும் காலையும் தொட்டுப் பார்த்தால் தெரியாது. நெஞ்சிலும் பிடரியிலும் கை வைத்துப் பார், வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறை.

துணிக்கு வருகிறேன். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துத் துவைத்து வெயிலில் காயவைத்த துணியை மிஞ்ச எந்தக் கடைச் சரக்கும் இல்லை. நீ நினைப்பதைப் போல் இரண்டு மடங்கு எடுத்துக்கொள். போர்த்த, துடைக்க, விரிக்க, வெயிலுக்கு மறைக்க, பால் கொடுக்கும்போது மூடிக்கொள்ள என்று ஒரே துணி ஐந்து வேலை செய்யும். அதன் கீழே விரிக்க ஒரு சின்ன ரப்பர் ஷீட். டயபர் வழிப்பயணத்துக்கு மட்டும். இங்கே வந்ததிலிருந்து பகல் முழுக்கத் துணிதான், அத்தை துவைத்துக் கொடியில் போட்டால் இந்தக் காற்றுக்கு உடனே காய்ந்துவிடுகிறது. அழுக்கு டயபரைப் போட ஒரு தடித்த பிளாஸ்டிக் பை கட்டாயம் கொண்டு வா. வாய்க்காலில் டயபர்கள் வெள்ளைப் பொதியாக உப்பிக்கொண்டு மிதப்பதை இங்கே பார்த்து நெஞ்சு பதைத்தது. இந்த வாய்க்கால் வராக நதிக்குப் போகிறது, அது வைகைக்குப் போகிறது, அந்த வைகைத் தண்ணீரைத்தான் மதுரையில் நம் வீட்டுக் குழாயில் பிடித்துக் குடிக்கிறோம். குப்பை எடுக்க வரும் தூய்மைக் காவலர் கையில் தனியாகக் கட்டிக் கொடு, இல்லையென்றால் திரும்ப எடுத்துக்கொண்டு போ.

தள்ளுவண்டியைக் கொண்டு வராதே. தெருவில் சிமெண்ட் தளம், சாக்கடை மூடி, மாட்டுவண்டித் தடம் மாறி மாறி வரும். அதோடு, வந்து இறங்கியதிலிருந்து பாப்பா தரையில் இருந்ததே குறைவு, கைமாறிக்கொண்டே இருக்கிறாள்.

கொசுவலை கட்டாயம். குடைபோல் விரித்து மடக்கும் சின்ன வலை போதும். வயலும் வாய்க்காலும் உள்ள ஊரில் பொழுது சாய்ந்ததும் கொசு கூட்டமாக வரும். கொசுவர்த்திப் புகையைப் பிள்ளை இருக்கும் அறையில் விடாதே, குளித்ததும் காட்டும் சாம்பிராணிப் புகையும் அப்படித்தான். அந்தச் சின்ன நெஞ்சு புகையைத் தாங்காது. அத்தையிடம் இதைச் சொல்லத் தயங்கினேன். அவர் மறுபேச்சில்லாமல் சாம்பிராணிக் கரண்டியைச் சாமி அறையோடு நிறுத்திக்கொண்டார்.

சேலைத் தொட்டில் இங்கே வாங்க வேண்டியதில்லை. உத்தரத்தில் கொக்கி இருக்கிறது, இவரே அதில் ஆடித் தூங்கியவர்தான். பருத்திச் சேலையாக இருக்க வேண்டும், வழுக்கும் சேலை கூடாது. இரண்டு பக்கத் துணியும் முகத்தில் வந்து மூடாதபடி குறுக்கே தொட்டில் கட்டையைக் கொடுக்க வேண்டும். யாராவது பக்கத்தில் கண் வைத்து உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அதில் போடுகிறோம். இரவில் தட்டையான படுக்கையில், மல்லாக்கப் படுக்கவைத்து, முகத்தருகே தலையணையோ பொம்மையோ இல்லாமல்தான் தூங்குகிறாள். பட்டியலில் உள்ள அந்தத் தலையணைகளையெல்லாம் அடித்துவிடு.

அடிக்க வேண்டியவை இன்னும் உண்டு. பவுடர், கண் மை, கிரைப் வாட்டர். மையைக் கண்ணுக்குள் இடாமல் பாதத்தில் ஒரு பொட்டு வைத்தோம், அப்பத்தாவுக்கு அதுவே நிறைவு. வசம்பைக் கையில் கட்டுவதோடு சரி, உரசி வாயில் வைக்கவில்லை. தண்ணீர் விஷயத்தில்தான் பயந்தேன். "வெயில் கொளுத்துதே, புள்ளைக்கு ரெண்டு சொட்டுத் தண்ணி காமி" என்று ஒரு சொந்தக்காரர் சொன்னதும், படுக்கையிலிருந்து அப்பத்தா குரல் வந்தது: "ஏத்தா, பாலுக்குள்ளதான தண்ணி இருக்கு. புள்ளைக்கு எதுக்கு? பெத்தவளுக்குக் குடு." ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதையே அவர் தன் வழியில் சொல்லிவிட்டார். பால் புட்டிக்கும் புட்டிப்பாலுக்கும் விளம்பரம் செய்வதையே 1992-ல் வந்த சட்டம் தடுக்கிறது. அப்படியிருந்தும் உன் பட்டியலில் புட்டிகள் முதல் வரிசையில் நிற்கின்றன. பால் பீய்ச்சிக் கொடுக்க வேண்டிய நிலை வந்தால் ஒரு பாலாடை போதும். வெந்நீரில் போட்டு எடுப்பதும் எளிது.

இனி உன் பாதி. நாத்தனாருக்கு அரசு மருத்துவமனையில் பிரசவமானபோது கொடுத்த பரிசுப் பெட்டகத்தின் பை இன்னும் இந்த வீட்டில் இருக்கிறது. 2015-ல் தொடங்கிய திட்டம், 1000 ரூபாய் மதிப்பில் 16 பொருட்கள். துண்டு, சட்டை, கொசுவலையோடு படுக்கை, நாப்கின், எண்ணெய், நகவெட்டி, கிலுகிலுப்பை எல்லாம் பிள்ளைக்கு. அதே பெட்டகத்தில் கை கழுவும் திரவமும் குளியல் சோப்பும் சௌபாக்கிய சுண்டி லேகியமும் தாய்க்கு! பின்லாந்தில் 1938-லேயே ஏழைத் தாய்மாருக்கு இப்படி ஒரு பெட்டி கொடுக்கத் தொடங்கி, 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் கொடுக்கிறார்கள். அந்த அட்டைப்பெட்டியே பிள்ளைக்கு முதல் படுக்கை. அதைப் படித்தபோது வியந்தேன். நம் பெட்டகத்தைப் பார்த்தபோது, பெற்றவளை மறக்காத யாரோ ஒருவர் அந்தப் பட்டியலை எழுதியிருக்கிறார் என்று நெஞ்சு நிறைந்தது. கடைக்காரர்களும் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

கை கழுவும் திரவத்தை நானும் கொண்டுவந்தேன். வாசலில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அத்தை வைத்துவிட்டார். வயலிலிருந்து வருகிறவர்கள் முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் பாப்பாவைத் தூக்குகிறார்கள், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

உனக்கென்று எடுத்துவைக்க: பிரசவத்துக்குப் பிறகு போடும் பெரிய பேட், முன்பக்கம் திறக்கும் நைட்டி நாலைந்து, பால் கசிந்தால் மாற்ற உள்ளாடை, தையல் உறுத்தாமல் உட்கார மடித்த துண்டு, பெரிய தண்ணீர் பாட்டில், கடித்துக்கொள்ள நிலக்கடலை மிட்டாயோ பேரீச்சம்பழமோ. இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் மறக்காதே, பிள்ளை பிறந்த பிறகும் ஆறு மாதம் தொடர வேண்டும். நீ தூக்க வேண்டிய எடை உன் பிள்ளையின் எடை மட்டும். பைகளைத் தூக்கக் கூட ஒருவர் வரவில்லையென்றால் பயணத்தைத் தள்ளிப்போடு. பூண்டு மட்டும் கொண்டு வராதே. வடுகபட்டிச் சந்தை பக்கத்தில் இருக்கும்போது இந்த ஊரில் பூண்டுக்குப் பஞ்சமில்லை, எனக்குத் தினம் பூண்டுக் குழம்புதான்.

கைப்பையில் எப்போதும் இருக்க வேண்டியது தடுப்பூசி அட்டையும் டிஜிட்டல் தெர்மாமீட்டரும். பிறந்ததும் போடும் ஊசிகளுக்கு அடுத்தது ஆறாவது வாரத்தில். அது ஊரில் இருக்கும்போது வந்தால் அட்டையைக் காட்டி இங்கேயே போட்டுக்கொள்ளலாம். 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாகத் தெரிந்தாலோ கைவைத்தியம் பார்க்காமல் உடனே கிளம்பிவிடு. பெரியகுளத்தில் அரசு தலைமை மருத்துவமனை, க.விலக்கில் தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அவசரத்துக்கு 108.

நீ எந்த மாதம் வருகிறாய் என்று எழுது. இந்தக் கார் சீட்டையும் கொசுவலையையும் அதுவரை துடைத்து மூடி வைக்கிறேன். வைகை அணையில் வந்து கூப்பிட்டுக்கொள்ள இவரை அனுப்புகிறேன். நைட்டிகளை மட்டும் இப்போதே வாங்கி, இரண்டு முறை துவைத்துவிடு, புதுத்துணியின் கஞ்சி பிள்ளை கன்னத்தில் உரசும்.

உன் அன்புத் தோழி